பிரிவு மூன்று

தலவாக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ரீலோடும் போட்டோகொப்பியும் போடுகிற கடையில்
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஒரு நாட்டுக்குச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தேன்.

நாடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை.
எழுபத்துநாலு பேர் ஆடும் ஆட்டம்.
மூன்று ஆறு, இரண்டு இரும்புச் சுரங்கம்,
வடக்கே யாரும் போகாத சதுப்பு.
ராஜாவாக இருந்தவர் வெளிநாடு போய்
நைட் ஷிப்டில் மாட்டிக்கொண்டார்; முடி காலி.
இனி ராஜாவே வேண்டாம்,
சபை வைப்போம், வோட்டுப் போடுவோம் என்றாள்
மஸ்கெலியா ஸ்டெல்லாராணி.
டைப் அடிக்கத் தெரிந்தவன் என்று
வேலை என் தலையில் விழுந்தது.

பிரிவு ஒன்று, நாட்டின் பெயர். இரண்டு ராத்திரிச் சண்டை.
பிரிவு இரண்டு, வரி. பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை.
அதற்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஆச்சரியம்.
பிரிவு மூன்று:
‘முப்பது நாள் நிலம் வைத்திருப்பவரே குடி.
குடிக்கே வோட்டு.’
நேற்று வந்தவன் இன்று கோட்டையை விற்றுவிடக் கூடாதே,
அவ்வளவுதான் என் யோசனை.
சத்தியமாக அவ்வளவுதான்.

‘அப்ப நிலம் இல்லாதவங்க?’
கேட்டது தோணி_9.
மரம் ஏற்றி, இரும்பு இறக்கி, மறுபடி மரம் ஏற்றி
இரண்டு வருஷமாக ஆற்றிலேயே கிடக்கிற ஆள்.
எந்த ஊர், ஆணா பெண்ணா, யாருக்கும் தெரியாது.
கோட்டைக் கதவின் ஒவ்வோர் ஆணியும்
அந்தப் படகில் வந்தது.
எவனோ ஒருவன் அந்தப் பேருக்கு முன்னால்
ஒரு சொல்லைச் சேர்த்து எழுதிச் சிரித்தான்.
இந்த மலையில் எல்லாருக்கும் தெரிந்த சொல்.
அதற்குப் பிறகு வெகுநேரம்
திரையில் ஒன்றும் வரவில்லை.

பகலில் நான் படிவம் நிரப்புகிறவன்.
விலாசம் என்ற கட்டத்தில்
கீழ்ப்பிரிவு, நாலாம் லயம் என்று எழுதுவேன்.
கதவிலக்கம் கேட்கும் இடத்தில் ஒரு சின்னக் கோடு.
பிரிவு என்ற சொல்லை
எங்கிருந்து எடுத்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

மூன்றாம் பிரிவை நீக்க நானே பிரேரணை வைத்தேன்.
வோட்டுப் போடலாம், ஆனால் குடிகள் மட்டும்.
முப்பத்தாறு பேர்.
பதினேழுக்குப் பத்தொன்பது, தோற்றது.
மிச்சம் முப்பத்தெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சேர்வரின் கடவுச்சொல் என்னிடம்தான்.
ஒரு வரியை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?
விரலை வைத்தேன்.
எடுத்துவிட்டேன்.

மறுநாள் பாலத்தில் வந்து நின்றார்கள் முப்பத்தெட்டுப் பேரும்.
அடிக்கவில்லை, எரிக்கவில்லை.
நின்றார்கள்.
டேட்டா முடிந்தவன் மட்டும் மங்கி மறைவான்,
ரீலோட் போட்டுக்கொண்டு அதே இடத்துக்கு வருவான்.
மூன்றாம் நாள் இரும்பு தீர்ந்தது.
களஞ்சியங்களில் கோதுமை கறுத்தது.

நாலாம் ராத்திரி, எதிர்த்து வோட்டுப் போட்ட
நாவலப்பிட்டி சமிந்த
சதுப்போரத் தன் வயலை முப்பத்தெட்டாக வெட்டினான்.
‘ஆளுக்கு ஒண்ணு எடுங்க.
எவ்வளவு நிலம்னு சட்டத்துல இல்லதானே?’
தேடினேன். இல்லை. எழுத மறந்திருக்கிறேன்.
ஒரு கட்டத்தில் கோழிக்கூடுகூட வைக்க முடியாது.
ஏழு பேர்ச் கேட்டு எழுதிய கடிதங்களின் பிரதி
என் மேசையில் ஒரு கட்டு இருந்தது.
இரக்கமா, அழுகும் கோதுமையா,
சமிந்தவிடம் நான் கேட்கவில்லை.

‘ஒருத்தன் குடுத்து வாங்குறதுக்குப் பேரு உரிமையா?’
ஸ்டெல்லாராணி சத்தம் போட்டுவிட்டு வெளியேறினாள்.
அவள் சொன்னது சரி.
அவன் வெட்டியதும் நிலம்தான்.

விடியும்போது முப்பத்தேழு கட்டங்களில் பேர் இருந்தது.
ஒன்று வெறுமை.
பாலத்தடியில் ஒரு படகு, சரக்கில்லாமல்,
அசையாமல்.

முதல் பஸ் உறுமுகிறது.
ஷட்டரை யாரோ தட்டுகிறார்கள், இரண்டு பிரதி வேண்டுமாம்.
பிரிவு நாலு என்று அடித்துவிட்டு எழுந்தேன்:
கடவுச்சொல் யாரிடம் இருக்க வேண்டும்?